சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்தவருக்கு

சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் கோல்ட்வாசர் அவர்களுக்கு,



2010 டிசம்பரில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். இந்த மடல் உங்களுக்கு வந்து சேர வழியில்லை. ஆனால் உங்களால் நடமாடுகிறவர்களின் வீடுகளில் உங்கள் பெயரே தெரியாமல் இருக்கிறது. அந்தக் குறையையாவது தீர்க்கலாம் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என் அம்மா டயாலிசிஸ் நோயாளி. நாள்பட்ட சர்க்கரை நோயால் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. இயந்திரம் அவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அந்த ரத்தம் ஊறுவதற்கு, நீங்கள் பிரித்தெடுத்துத் தந்த எரித்ரோபொயட்டின் வேண்டியிருக்கிறது. நான் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். அதே புரதத்தின் அமைப்பை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் வரைந்து மாணவர்களுக்கு விளக்குகிறேன். மகள் என்ற முறையிலும் ஆசிரியை என்ற முறையிலும் உங்களுக்குக் கடன்பட்டவள்.

மருந்து கிடைத்ததற்காக மட்டும் இந்த நன்றி இல்லை. எரித்ரோபொயட்டின் வெறும் புரதம் அல்ல. சர்க்கரைத் தொடர்கள் ஒட்டிய புரதம், கிளைக்கோபுரோட்டீன். புரதத்தைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அந்தச் சர்க்கரை பெரும் தொல்லை. ஒரே புரதம் பல எடைகளில், பல மின்னூட்டங்களில் இழுபட்டு நிற்கும். நீங்கள் அதைத் தொல்லை என்று ஒதுக்காமல், அது அங்கே எதற்காக இருக்கிறது என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விதான் இன்று என் அம்மாவின் மூச்சைத் தாங்குகிறது. அது எப்படி என்று இந்த மடலில் விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த ஊசி. மருந்துக் கடையில் ஐஸ் பாக்கெட் வைத்து, தெர்மாகோல் பெட்டியில் போட்டுத் தருவார்கள். 2 முதல் 8 டிகிரி வரையில் வைத்திருக்க வேண்டும், உறைய விடக்கூடாது, குலுக்கவும் கூடாது. ‘4000 யூனிட்’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். உள்ளே நிறமற்ற திரவம், ஒரு மில்லி லிட்டர்கூட இருக்காது. அதில் உள்ள எரித்ரோபொயட்டின் ஏறக்குறைய 30 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் முப்பது பங்கு. டயாலிசிஸ் முடியும் நேரத்தில் செவிலியர் அதை ரத்தக் குழாய் வழியாகவோ தோலுக்கு அடியிலோ செலுத்துவார். சில நொடி வேலை. பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அட்டையில் உள்ள அந்த ‘யூனிட்’ என்ற அளவுக்குப் பின்னால் உங்கள் ஆய்வுக்கூட எலிகள் இருக்கின்றன. பட்டினி போட்ட எலிக்கு மருந்தைச் செலுத்தி, பிறகு கதிரியக்க இரும்பைக் கொடுத்து, அந்த இரும்பு எவ்வளவு புதிய சிவப்பணுக்களில் சேர்கிறது என்று அளப்பீர்கள். 5 மைக்ரோமோல் கோபால்ட் கொடுத்தால் எலியில் எவ்வளவு விளைவு தெரியுமோ, அந்த விளைவைத் தரும் அளவுதான் ஒரு யூனிட். புரதத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, அது செய்யும் வேலையை வைத்து அதை அளக்கக் கற்றுக்கொண்டவர்கள் நீங்கள்.

இது இல்லாமல் அம்மா எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். நாக்கு வெளுத்திருக்கும். குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சிறுநீரகம் கழிவை மட்டும் நீக்கும் உறுப்பு அல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதில் உள்ள சில செல்கள் எரித்ரோபொயட்டினைச் சுரக்கின்றன. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், பாதியில் மடிந்துவிடக்கூடிய இளம் செல்களை உயிரோடு காப்பாற்றிச் சிவப்பணுக்களாக வளர விடுகிறது. சிறுநீரகம் பழுதானால் மஜ்ஜைக்கு அந்தத் தகவல் போவதில்லை. ஆலை நன்றாகவே இருக்கும், உத்தரவுதான் வராது.

உங்கள் மருந்து வருவதற்கு முன்பு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இருந்த முக்கிய வழி ரத்தம் ஏற்றுவதுதான். ஏற்ற ஏற்ற உடலில் இரும்பு தேங்கும். கல்லீரல் அழற்சிக் கிருமிகள் தொற்றும் அபாயம் உண்டு. அயலார் ரத்தத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொண்டால், பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதே கடினமாகிவிடும். அந்த ரத்தத்தின் வகையைத் தீர்மானிப்பதும் சர்க்கரைதான். சிவப்பணுவின் மேல் உள்ள தொடரின் நுனியில் அசிட்டைல் கேலக்டோசமீன் இருந்தால் ஏ வகை, கேலக்டோஸ் இருந்தால் பி வகை, இரண்டும் இல்லாவிட்டால் ஓ வகை. நுனியில் உள்ள ஒரே ஒரு சர்க்கரை, யாருடைய ரத்தம் யாருக்குச் சேரும் என்பதை முடிவு செய்கிறது.

உங்கள் தேடலின் கதையை நான் வகுப்பில் சொல்வதுண்டு. 1906-ல் பாரிஸில் பால் கார்னோவும் க்ளோதில்த் தெஃப்லாந்த்ரும் ரத்தம் எடுக்கப்பட்ட முயலின் சீரத்தை மற்றொரு முயலுக்குச் செலுத்தி, அதன் சிவப்பணுக்கள் கூடுவதாகச் சொன்னார்கள். ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் ஓடுகிறது என்ற எண்ணம் அங்கே தொடங்கியது. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பொருள் யாருக்கும் அகப்படவில்லை. அப்படி ஒன்று உண்டா என்றே பலர் சந்தேகித்தார்கள். 1955-ல் உங்கள் மூத்த சகா லியோன் ஜேக்கப்சன் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்தார். சில மாதங்களில் முடிந்துவிடும் என்று நினைத்தீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1957-ல் உங்கள் குழு எலிகளில் ஒவ்வோர் உறுப்பாக அகற்றிப் பார்த்து, சிறுநீரகம் இல்லாத எலியில்தான் இந்தப் பொருள் ஊறுவதில்லை என்று காட்டியது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஏன் ரத்தம் ஊறவில்லை என்பதற்குப் பதில் அன்றே கிடைத்துவிட்டது. பிறகு ரத்தச்சோகை உண்டாக்கிய ஆடுகளின் பிளாஸ்மாவை ஆண்டுக்கணக்காக வடித்தெடுத்தீர்கள். 1971-ல் ஆட்டு எரித்ரோபொயட்டின் மிகச் சொற்ப அளவில் கிடைத்தது. மனித எரித்ரோபொயட்டின் அப்போதும் எட்டவில்லை.

அந்த இடைவெளியில் நீங்கள் செய்த ஒரு சோதனைக்காகத்தான் முக்கியமாக இந்த மடலை எழுதுகிறேன்.

அதைச் சொல்வதற்கு எரித்ரோபொயட்டினின் உருவத்தைச் சொல்லியாக வேண்டும். 165 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதன் மேல் நான்கு இடங்களில் சர்க்கரைத் தொடர்கள் நிற்கின்றன. 24, 38, 83 ஆகிய இடங்களில் உள்ள அஸ்பராஜினில் மூன்று பெரிய தொடர்கள். 126-ம் இடத்தில் உள்ள செரினில் ஒரு சிறிய தொடர். எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு இந்தச் சர்க்கரைதான். பெரிய தொடர் ஒவ்வொன்றும் அடியில் ஒரே தண்டாகத் தொடங்கி, பெரும்பாலும் நான்கு கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையிலும் கேலக்டோஸ், அதன் நுனியில் சியாலிக் அமிலம். மூன்று தொடர்களுக்கும் நான்கு நான்காகப் பன்னிரண்டு நுனிகள், சிறிய தொடரில் இரண்டு. ஆக அதிகபட்சம் 14 சியாலிக் அமிலங்கள்.

1974-ல் நீங்களும் உங்கள் சகாக்களும் எரித்ரோபொயட்டினின் நுனியில் இருந்த சியாலிக் அமிலங்களை நீக்கிப் பார்த்தீர்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த மஜ்ஜைச் செல்களில் அது வேலை செய்தது, முன்பைவிடக் கூடுதலாகவே வேலை செய்தது. அதையே உயிருள்ள எலிக்குக் கொடுத்தபோது பயனே இல்லாமல் போனது. ஒரே பொருள், தட்டில் வீரியம், உடலில் வெறுமை.

இதற்கான காரணத்தை வேறு இருவர் வேறு ஒரு புரதத்தில் கண்டிருந்தார்கள். கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மொரெல் இருவரும் செருலோபிளாஸ்மின் என்ற ரத்தப் புரதத்தின் சியாலிக் அமிலத்தை நீக்கி, கதிரியக்க அடையாளமிட்டு முயல்களுக்குச் செலுத்தினார்கள். பல மணி நேரம் ரத்தத்தில் உலவ வேண்டிய அந்தப் புரதம் சில நிமிடங்களிலேயே காணாமல் போய்விட்டது. தேடினால் கல்லீரலில் கிடந்தது. சியாலிக் அமிலம் போனதும் அதன் அடியில் இருக்கும் கேலக்டோஸ் வெளியே தெரிகிறது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் அந்தக் கேலக்டோஸைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி இருக்கிறது. ரத்தத்தில் ஒரு புரதம் எவ்வளவு காலம் ஓட வேண்டும் என்பதை அதன் சர்க்கரை நுனி முடிவு செய்கிறது என்று அப்போதுதான் தெரியவந்தது. உங்கள் எலிகளும் இதையே சொல்லின. மஜ்ஜைக்குப் போய்ச் சேரும் முன்பே கல்லீரல் எரித்ரோபொயட்டினை வாங்கிக்கொண்டது.

அன்று உலகில் எரித்ரோபொயட்டின் மருந்து என்று ஒன்று கிடையாது. மனித எரித்ரோபொயட்டினை யாரும் சுத்தமாகக் கண்டதுகூட இல்லை. ஆனால் அதை ஒருநாள் தயாரிக்கப் போகிறவர்கள் எதை விட்டுவிடக் கூடாது என்பது அந்தச் சோதனையிலேயே தெளிவாகிவிட்டது. சர்க்கரை இல்லாத எரித்ரோபொயட்டினைக் கோடிக்கணக்கில் தயாரித்தாலும் என் அம்மாவுக்குப் பயன்படாது. இந்த அறிவுக்காக உங்களுக்கு முதல் நன்றி.

1975-ல் ஜப்பானின் குமமோட்டோவிலிருந்து டாக்டர் தகாஜி மியாகே உங்களைத் தேடி வந்தார். மஜ்ஜை செயலிழந்து ரத்தச்சோகையில் இருக்கும் நோயாளிகளிடம் அவர் 2550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, உலர்த்திப் பொடியாக்கிக் கொண்டுவந்திருந்தார். அவர்களுடைய சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது. ரத்தம் போதவில்லை என்று அது எரித்ரோபொயட்டினை மேன்மேலும் சுரக்கிறது. மஜ்ஜையால் ஏற்க முடியாதபோது மிச்சம் சிறுநீரில் கழிகிறது. இதைப் புரிந்துகொண்டுதான் அவர் சேகரித்தார். நீங்கள் ஆட்டு ரத்தத்தில் கற்ற வித்தை முழுவதையும் அந்தப் பொடியில் காட்டினீர்கள். 1977-ல் நீங்களும் மியாகேயும் சார்ல்ஸ் குங்கும் சுத்தமான மனித எரித்ரோபொயட்டினை அறிவித்தீர்கள். கிடைத்தது சில மில்லிகிராம். அந்தச் சில மில்லிகிராமுக்காகச் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்த குமமோட்டோ நோயாளிகள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. தங்களுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை என்று தெரிந்தே கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கும் இந்த மடல் சேரட்டும்.

பிறகு அதைப் பெருமளவில் தயாரிக்க வேண்டும். இங்கேதான் செல் இந்தச் சர்க்கரையை எப்படிக் கட்டுகிறது என்பது முக்கியமாகிறது. என் வகுப்பில் நான் மிகவும் விரும்பி நடத்தும் பகுதி இது.

ரைபோசோம் புரதச் சங்கிலியைக் கோத்து எண்டோபிளாச வலைக்குள் செலுத்திக்கொண்டே இருக்கும். அஸ்பராஜின், அதற்கு அடுத்து புரோலின் தவிர வேறு ஏதாவது ஒன்று, அதற்கு அடுத்து செரின் அல்லது திரியோனின் என்ற வரிசை உள்ளே வந்ததும், அங்கே காத்திருக்கும் நொதி ஒரு முழுத் தொடரை அப்படியே தூக்கி அந்த அஸ்பராஜினில் வைக்கிறது. அந்தத் தொடரில் 14 சர்க்கரைகள்: அசிட்டைல் குளுக்கோசமீன் இரண்டு, மேனோஸ் ஒன்பது, குளுக்கோஸ் மூன்று. அது முன்கூட்டியே டாலிக்கால் என்ற நீண்ட கொழுப்பு மூலக்கூறின் மேல் தயாராகியிருக்கும். முதல் ஏழு சர்க்கரைகள் சவ்வின் வெளிப்பக்கத்தில் சேர்கின்றன; பிறகு அது உட்பக்கமாகத் திரும்புகிறது; மீதி ஏழு அங்கே சேர்கின்றன. இந்த டாலிக்கால் வழியைத் திறந்து காட்டியது அர்ஜென்டினாவில் லூயிஸ் லெலுவாரின் ஆய்வுக்கூடம். சர்க்கரைகள் செல்லுக்குள் எந்த வடிவில் கைமாறுகின்றன என்பதைக் கண்டதற்காக 1970-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைத்த தொடரைச் செல் உடனே வெட்டத் தொடங்குகிறது. முதலில் குளுக்கோஸ்களை நீக்குகிறது. ஒரு குளுக்கோஸ் மட்டும் மிச்சமிருக்கும் நிலையில் கால்நெக்சின், கால்ரெட்டிகுலின் என்ற காவல் புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, சங்கிலி சரியாக மடிய உதவுகின்றன. கடைசிக் குளுக்கோஸ் போனதும் அவை விட்டுவிடும். சங்கிலி சரியாக மடியாமல் இருந்தால் வேறொரு நொதி அதைக் கண்டுபிடித்து மறுபடியும் ஒரு குளுக்கோஸை ஒட்டி அதே காவலுக்குத் திருப்பி அனுப்புகிறது. திரும்பத் திரும்பத் தேறாத புரதத்தின் மேனோஸ்கள் வெட்டப்பட்டு, அது வெளியே தள்ளப்பட்டு அழிக்கப்படும். தேறிய புரதம் மட்டுமே கோல்கை உடலத்துக்குப் போகும். ஒரு புரதம் சரியாக இருக்கிறதா என்று செல் பரிசோதிப்பதும் சர்க்கரையை வைத்துத்தான். இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கே சிலிர்க்கும்.

கோல்கையில் மேனோஸ்கள் மூன்றாகக் குறைகின்றன. அந்த மூன்றின் மேல் புதிதாகக் கிளைகள் எழும்புகின்றன: அசிட்டைல் குளுக்கோசமீன், அதன் மேல் கேலக்டோஸ், கடைசியாகச் சியாலிக் அமிலம். புரதத்தின் வரிசையை டி.என்.ஏ. எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுகிறது. சர்க்கரைத் தொடருக்கு அப்படி நேரடியான எழுத்துப்படி கிடையாது. எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, எந்தச் சரக்கு கைவசம் இருக்கிறது, புரதம் எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறது என்பதை எல்லாம் பொறுத்து அமைகிறது. ஒரே குறிப்பை வைத்துச் சமைத்தாலும் வீட்டுக்கு வீடு ருசி மாறுவதுபோல இது செல்லுக்குச் செல் மாறும் கைப்பக்குவம்.

பாக்டீரியாவுக்கு இந்தக் கைப்பக்குவம் கிடையாது. என் அம்மா போட்டுக்கொள்ளும் இன்சுலினை பாக்டீரியாவில் தயாரிக்க முடிகிறது. 1982 முதலே அப்படி வந்துவிட்டது. இன்சுலினில் சர்க்கரைத் தொடர் இல்லை. எரித்ரோபொயட்டினை அப்படிச் செய்தால் சங்கிலி கிடைக்கும், சர்க்கரை இருக்காது. சர்க்கரை இல்லாத எரித்ரோபொயட்டின் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். உடலில் சீக்கிரமே மறைந்துவிடும். எனவே ஒரு பாலூட்டியின் செல் தேவைப்பட்டது. 1957-ல் தியோடர் பக் ஒரு சைனீஸ் ஹாம்ஸ்டரின் கருமுட்டையகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அதற்குக் கைகொடுத்தன. தைவானில் பிறந்த ஃபூ குயென் லின், ஆம்ஜென் நிறுவனத்தில், நீங்கள் கொடுத்த சுத்தமான புரதத்தின் வரிசைத் துணுக்குகளைத் துப்பாகக் கொண்டு 1983-ல் எரித்ரோபொயட்டின் ஜீனைப் பிடித்தார். அந்த ஜீன் ஹாம்ஸ்டர் செல்லுக்குள் போனது. செல் சங்கிலியையும் கோத்தது, சர்க்கரையையும் கட்டியது, நுனியில் சியாலிக் அமிலத்தையும் வைத்தது.

1985-ன் கடைசியில் சியாட்டில் நகரில் ஜோசப் எஷ்பாக்கும் ஜான் ஆடம்சனும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். ரத்தம் ஏற்றியே காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு இனி ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை என்றானது. 1987-ல் முடிவுகள் வெளிவந்தன. 1989 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம் நாட்டு நிறுவனங்களே இதைத் தயாரிக்கின்றன. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூட டயாலிசிஸ் பிரிவின் குளிர்பெட்டியில் இது இருக்கிறது.

உங்கள் 1974-ம் ஆண்டுப் பாடத்தை ஒரு படி மேலே கொண்டுபோனவர்களும் உண்டு. சியாலிக் அமிலம் குறைந்தால் ஆயுள் குறைகிறது என்றால், கூட்டினால் கூடுமா என்று கேட்டார்கள். சங்கிலியில் சில அமினோ அமிலங்களை மாற்றி, சர்க்கரைத் தொடர் உட்கார இன்னும் இரண்டு இடங்களை உண்டாக்கினார்கள். 14 நுனிகள் 22 ஆயின. மஜ்ஜைச் செல்களில் உள்ள எரித்ரோபொயட்டின் ஏற்பியை அது சற்றுத் தளர்வாகவே பிடிக்கிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அரை ஆயுள் எட்டரை மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய 25 மணி நேரமாக உயர்ந்தது. 2001-ல் வந்த அந்த மருந்தின் பெயர் டார்பெபொயட்டின். வாரம் இரண்டு மூன்று முறை குத்த வேண்டியதை வாரம் ஒருமுறையாகக் குறைக்க முடிந்தது. ஊசிக்கு இடம் தேடித் தேடித் தழும்பேறிய கைகளைத் தினமும் பார்ப்பவளுக்கு இதன் அருமை தெரியும்.

உங்கள் கண்டுபிடிப்பைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். சைக்கிள் பந்தய வீரர்கள் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ள இதைப் போட்டுக்கொண்டார்கள். உடலில் இயற்கையாகவே இருக்கும் புரதம் என்பதால் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பினார்கள். சர்க்கரைதான் காட்டிக் கொடுத்தது. ஹாம்ஸ்டர் செல்லின் கைப்பக்குவம் வேறு, மனிதச் சிறுநீரகத்தின் கைப்பக்குவம் வேறு. அந்த மின்னூட்ட வேறுபாட்டை வைத்து இரண்டையும் பிரித்தறியும் முறையை பிரான்ஸில் ஃப்ரான்சுவாஸ் லாஸ்னும் ஜாக் தெ சொரீஸும் 2000-ல் வெளியிட்டார்கள். நோயாளிகளிலும் அளவு தேவை என்பது பிறகு புரிந்தது. ஹீமோகுளோபினை 13-க்கு மேல் கொண்டுபோக முயன்றால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் கூடலாம் என்று 2006 முதல் வந்த ஆய்வுகள் எச்சரித்தன. அம்மாவின் மருத்துவர் பத்துக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் நிறுத்தப் பார்க்கிறார். கூடவே இரும்புச் சத்து இருப்பு எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்கிறார்.

ஐயா, இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். என் அம்மாவின் சிறுநீரகத்தைக் கெடுத்ததில் சர்க்கரைக்குப் பங்கு உண்டு. அவரை நடமாட வைப்பதிலும் சர்க்கரைக்குப் பங்கு உண்டு. எங்கள் ஊரில் சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் ‘மூணு மாச சர்க்கரை’ பரிசோதனை தெரியும். ரத்தத்தில் மிதமிஞ்சிய குளுக்கோஸ் எந்த நொதியும் இல்லாமல், யாரும் அழைக்காமல் ஹீமோகுளோபினின் முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைத்தான் ஹெச்.பி.ஏ.1.சி. என்று அளக்கிறார்கள். அதேபோலச் சிறுநீரக வடிகட்டியின் புரதங்களிலும் கண்ணின் ரத்தக் குழாய்களிலும் ஒட்டி, அவற்றை விறைக்க வைக்கிறது. எரித்ரோபொயட்டினில் சர்க்கரை ஒட்டுவதற்கு இடம் குறித்திருக்கிறது, நொதி இருக்கிறது, வரிசை இருக்கிறது, சரிபார்ப்பு இருக்கிறது. ஒழுங்கில்லாமல் ஒட்டிய சர்க்கரை அம்மாவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஒழுங்காகக் கட்டிய சர்க்கரை அந்தச் சிறுநீரகம் செய்துவந்த வேலையை ஊசி வழியாகச் செய்கிறது. சர்க்கரை என்றாலே பயப்படும் எங்கள் வீட்டில் இதை நான் அம்மாவுக்கு விளக்கியிருக்கிறேன். அவருக்குப் புரிந்தது.

இதில் நடைமுறைக்கு உதவும் செய்தியும் உண்டு. எரித்ரோபொயட்டின் போடும்போது புதிய சிவப்பணுக்கள் நிறைய வருகின்றன. இளம் அணுக்களில் குளுக்கோஸ் ஒட்ட நேரம் போதாது. அதனால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ‘மூணு மாச சர்க்கரை’ உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அந்த எண்ணை மட்டும் நம்பி நிம்மதி அடையாமல், விரல் நுனி ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு உங்கள் பெயரால் சொல்கிறேன்.

உங்கள் வேலைக்குத் தனி லாபம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் சுத்தம் செய்த புரதத்துக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. பின்னாளில் அந்த மருந்து உலகின் மிக அதிகமாக விற்ற மருந்துகளில் ஒன்றானது. நீங்கள் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தீர்கள். கடைசியில் புற்றுநோய் முற்றி, சிறுநீரகம் செயலிழந்து, 88 வயதில் காலமானீர்கள். சிறுநீரக நோயாளிகள் லட்சக்கணக்கானோருக்குத் தெம்பைத் திருப்பித் தந்தவரின் முடிவும் சிறுநீரகத்தில் வந்தது என்று அறிந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

இருபது ஆண்டு காலம் கையில் பிடிபடாத ஒரு பொருளைத் தேடுவதற்கு உங்களுக்குப் பணம் கொடுத்தது பொதுமக்களின் வரி. இத்தனை மாதத்தில் மருந்து வேண்டும் என்று உங்களை யாராவது நெருக்கியிருந்தால், ஆட்டு ரத்தத்தோடு தேடல் நின்றிருக்கும். சியாலிக் அமிலத்தை நீக்கிப் பார்க்கும் சோதனைக்கு நேரமே இருந்திருக்காது. ஆகவே என் நன்றி உங்களோடு முடியவில்லை. இன்றைக்கு எந்தப் பயனும் தெரியாத ஒரு புரதத்தின் மேல், எந்தப் பயனும் தெரியாத ஒரு சர்க்கரைத் தொடரை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் ஆய்வாளர்கள் நம் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமையாகப் பணம் கொடுங்கள் என்று நம் அரசுகளைக் கேட்கிறேன். உதவித்தொகை வரத் தாமதமாகும் மாதங்களிலும் ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகாத அந்தப் பிள்ளைகளுக்கு, உங்களுக்குச் சொல்லும் இந்த நன்றியை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அவர்களில் யார் பார்த்துக்கொண்டிருக்கும் தொடர், எந்த வீட்டின் அம்மாவை நாளைக்கு எழுந்து நடக்க வைக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.



டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மகள்,
உயிர்வேதியியல் ஆசிரியை